சாக்குக் குடோனில் பதிந்த எட்டுப் பாட்டு

கல்லூரியில் புதிதாகப் பேண்டு தொடங்கியிருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் எழுதுவது.

"ஆல்பம் போடுறது எப்படின்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்கக்கா" என்று கேட்டீர்கள். எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியாது. எப்படியெல்லாம் போடக்கூடாது என்பதற்கு என்னிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. அது இரண்டு பக்கத்தில் அடங்காது.

எனக்கு முப்பத்திரண்டு வயது. மேடையை விட்டு இறங்கி இரண்டு வருடம் ஆகிறது. பன்னிரண்டு வருடம் டிரம்ஸை ஒட்டி நின்று பேஸ் கிடார் வாசித்ததில் இடது காதில் ஒரு கீச்சொலி குடியேறிவிட்டது. காது டாக்டர், "இனிமே மேடை வேணாம்மா" என்றார். "ரிட்டயர் ஆயிட்டேன்" என்று வீட்டில் சொன்னால் அம்மா, "பென்ஷன் எப்பலேருந்து வரும்?" என்கிறார். ஆகவே பட்டியலின் முதல் வரி இது: காதுக்கு அடைப்பான் வாங்கிப் போடுங்கள். இன்றைக்கே. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள்.

இத்தனை வருடத்தில் என் வேலை என்று மிஞ்சியிருப்பது எட்டுப் பாட்டு. எட்டையும் பாடியவன் கூத்தாநல்லூர் யாசின். அந்த எட்டும் அவன் குரலைத் துடைத்தெடுத்துவிட்டு, வேறொருவர் குரலில் வெளிவருவதாக இருந்தது. அதற்குச் 'சரி' என்று தலையாட்டியது நான். எந்தெந்த இடங்களில் சறுக்கி அந்தத் தலையாட்டலுக்கு வந்து சேர்ந்தேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறட்டும் என்று இரண்டு வருடம் காத்திருந்தேன். ஆறவில்லை.

கல்லூரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். எலக்ட்ரானிக்ஸ் முதல் வருடம். பிரபு கிடார் வாசிப்பான், செந்தில் டிரம்ஸ். பேஸ் வாசிக்க ஆள் இல்லை. பேஸ் என்பது கிடார் சரியாக வராதவன் வாசிப்பது என்று எல்லோரும் நினைத்திருந்த காலம். நான் வாசிக்கிறேன் என்றபோது பிரபு, "பொண்ணுன்னா கீபோர்டு வாசிக்கலாமே அபி, பாக்கவும் நல்லா இருக்கும்" என்றான். நான் பேஸ்தான் என்றேன்.

முதல் மேடை கல்லூரி விழா. மதியம் சவுண்டு சர்வீஸ்காரர் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார். என்னைத் தாண்டிப் போய்ப் பிரபுவிடம் கேட்டார்: "தம்பி, அந்தப் பாப்பாவுக்கு லைன் வேணுமா, இல்ல சும்மா புடிச்சிக்கிட்டு நிக்குமா?"

பிரபு சிரித்தான். சிரித்துவிட்டு, "லைன் குடுங்கண்ணே" என்றான். ஆனால் சிரித்தான்.

மேடையேறினோம். நான்கு பாட்டு, வியர்க்க வியர்க்க வாசித்தேன். என் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கூட்டத்துக்குக் கேட்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இறங்கி வந்து பார்த்தபோது என் ஒயரின் மறுமுனை மிக்சருக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்தது. செருகவே இல்லை. கீழே வந்தவர்கள் "சூப்பர்" என்று கை கொடுத்தார்கள். பேஸ் இல்லாததை ஒருவரும் கவனிக்கவில்லை. செந்தில் மட்டும், "ஏன் அபி, இன்னைக்கு உன் சத்தமே காணோம், விரதமா?" என்றான்.

சவுண்டு சர்வீஸ்காரர் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. அதைவிட அதிகமாக என் மேல். நான்கு பாட்டு, பதினெட்டு நிமிடம், எனக்கு நானே கேட்கவில்லை என்று தெரிந்தும் நிறுத்திக் கேட்காமல் நின்றேன். நல்ல பெண் என்று பெயரெடுக்க மேடை சரியான இடம் இல்லை. உங்களில் இரண்டு பேர் பெண்கள் என்று கேள்விப்பட்டேன். கேட்கவில்லையென்றால் பாட்டை நிறுத்துங்கள். கூட்டம் காத்திருக்கும்.

அடுத்தது ஆர்கெஸ்ட்ரா. படிப்பு முடிந்து செல்போன் டவர்களைப் பராமரிக்கும் வேலையில் கும்பகோணத்தில் சேர்ந்தேன். பிரபு தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்தான். செந்தில் அவன் பெரியப்பாவின் அரிசி ஆலையில் உட்கார்ந்தான். பேண்டு என்று எதுவும் இல்லை. வாசிக்காமல் இருந்தால் கை மறந்துவிடும் என்று ஒரு திருவிழா ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்தேன். அதன் முதலாளி கீபோர்டு வாசிப்பவர். முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஒங்க பேஸ என் இடது கையே வாசிச்சிரும்மா. நீங்க நின்னா மேடை நெறஞ்ச மாதிரி இருக்கும், அதுக்குத்தான்."

திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் ஒரு கோயில் விழா. சாயங்காலம். விழாக் கமிட்டித் தலைவரின் மகள் ஒரு பாட்டுப் பாடுவதாக மேடையேறினாள். நாங்கள் ஒத்திகை பார்த்த சுருதி ஒன்று. பயத்தில் அவள் எடுத்த சுருதி இன்னொன்று. முதலாளி ஒரு பட்டனை இரண்டு தரம் அழுத்தினார். கீபோர்டு மொத்தமும் அவள் நின்ற இடத்துக்கு ஏறியது. அந்தப் பெண்ணுக்குத் தான் தவறியதே தெரியாது. எனக்குச் சைகை காட்டியிருக்கலாம். காட்டவில்லை. என் விரல்கள் பழைய இடத்திலேயே ஓடின. இரண்டு வரி அசிங்கமாகக் கேட்டது. அவர் மைக்கைப் பிடித்து, "மன்னிக்கணும், நம்ம பேஸ் கொஞ்சம் கண்ணசந்துருச்சு" என்றார். கூட்டம் சிரித்தது.

மறுநாளே அந்த ஆர்கெஸ்ட்ராவை விட்டேன். அதுவரைக்கும் சரி. அதற்கு அடுத்து எடுத்த முடிவுதான் தப்பு. இனி நான் வாசிக்கும் பேண்டில் கீபோர்டே இருக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். அந்த ஆள் செய்த உருப்படியான காரியம் ஒன்று என் கண்ணெதிரே நடந்தது: பாடுகிறவள் எங்கே நின்றாளோ அங்கே போய் அவர் நின்றார். அதைக் கவனிக்காமல், அவர் என்னைக் கேலி செய்ததை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒருவர் மேலிருக்கும் கோபத்தில் ஒரு வாத்தியத்தையே வேண்டாம் என்றேன். இது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள்.

யாசினைக் கண்டுபிடித்தது நான். கூத்தாநல்லூரில் ஒரு ஜவுளிக்கடையின் மொட்டைமாடியில் டவர் இருந்தது. காலை பத்து மணிக்கு மேலே ஏறி ஒயர் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கீழே கடைக்குள்ளிருந்து ஒரு குரல். மைக் இல்லை, பக்கவாத்தியம் இல்லை. மாடிவரை வந்தது. இறங்கிப் போனேன். பையன் லுங்கிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தான். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு இருக்கும்.

"இப்ப பாடுனது யாரு?"

"நான்தாங்க. மேல வரைக்கும் கேட்டுச்சா? டவருக்கு எதுவும் ஆகாதுல்ல?"

"பாட்டு கத்துக்கிட்டீங்களா?"

"இல்லைங்க. துணி மடிக்கிறப்ப மட்டும் பாடுவேன். கை நின்னா பாட்டும் நின்னுரும்."

"ராக் பேண்டுல பாடுறீங்களா?"

"அது கத்தணும்ல?" கல்லாவில் இருந்த மாமாவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "கத்துவேன். ஆனா மாமாவுக்குத் தெரியக்கூடாது."

இரண்டு வாரத்தில் எங்களுக்கு ஒத்திகை இடமும் கிடைத்தது. செந்திலின் பெரியப்பா ஆலையில் வெறும் சாக்குகளைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைக்கும் குடோன். நான்கு பக்கமும் கூரைவரை சணல் சாக்கு. சத்தம் எதிரொலிக்காது. அதைவிட நல்ல ஒத்திகைக் கூடம் தஞ்சாவூர் ஜில்லாவில் கிடையாது என்று இப்போதும் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை பத்திலிருந்து மூன்று மணிவரை. சுவருக்கு அந்தப் பக்கம் ஆலையின் டிரான்ஸ்ஃபார்மர் 'ம்ம்ம்' என்று ஓயாமல் முனகிக்கொண்டிருக்கும். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. இரண்டாவது மாதம் அது காதில் விழுவதே நின்றுவிட்டது.

கவனியுங்கள், காதில் விழுவது நின்றதே தவிர, சத்தம் நிற்கவில்லை. செல்போனில் சுருதி பார்க்கும் செயலியைத் திறந்தால் அந்த முனகலையும் சேர்த்துக் கேட்டுக் குழம்பி முள் அங்குமிங்கும் ஆடும். கிடார் தலையில் மாட்டும் சுருதிக் கருவியின் பேட்டரி தீர்ந்ததும் பிரபு அதைத் தூக்கிப்போட்டான். "காது எதுக்கு இருக்கு?" என்றான். காதால் சுருதி கூட்டினோம். கேட்க இதமாக வரும் வரைக்கும் முறுக்கினோம். யாசின் கண்ணை மூடி நின்று, எங்கள் வாத்தியம் தொடங்குவதற்கு முன்பே சரியான இடத்தில் குரலை எடுப்பான். எங்கிருந்து எடுக்கிறான் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. நான்கு வருடம் இப்படி. கீபோர்டு ஒன்று அந்த அறையில் இருந்திருந்தால் முதல் ஞாயிற்றுக்கிழமையே தெரிந்திருக்கும். கீபோர்டு ஏன் இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேன்.

எட்டுப் பாட்டு அங்கேதான் வந்தது. கடைமடைக்குத் தண்ணீர் வராததைப் பற்றி ஒன்று. விசாவுக்குக் காத்திருப்பதைப் பற்றி ஒன்று. எனக்குப் பிடித்தது 'ஈரப்பதம்'. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கையில் எடுத்துப் பார்த்து, 'ஈரப்பதம் அதிகம், காயவச்சிக் கொண்டா' என்று திருப்பி அனுப்புவார்களே, அது. என் அப்பா மூன்று நாள் ரோட்டில் நெல்லைக் காயவைத்து, நான்காம் நாள் மழையில் நனையவிட்டு நின்றதைச் சொன்னேன். யாசின் அதைப் பாட்டாக்கினான். கடைசியில் "காய வை, காய வை" என்று அவன் கத்தும்போது செந்தில் டிரம்ஸை உடைக்கிற மாதிரி அடிப்பான்.

பிறகு யாசினுக்கே விசா வந்தது. ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் கிடங்கில் வேலை. நாற்பது நாளில் கிளம்ப வேண்டும். அதற்குள் எட்டையும் பதிந்துவிடுவது என்று முடிவு செய்தோம். பதிவு செய்தது நான். மைக் இரவல், கம்ப்யூட்டர் பிரபுவுடையது. ஞாயிற்றுக்கிழமைகள் போதாமல் லீவு போட்டேன்.

கடைசி நாள், கடைசிப் பாட்டு 'ஈரப்பதம்'. அப்போது லாரி வந்து நின்றது. அறுவடை தொடங்கிவிட்டது, கொள்முதல் நிலையங்களுக்குச் சாக்கு போக வேண்டும். எங்கள் ஸ்டுடியோவின் சுவர்களை ஏற்றிக்கொண்டு போக ஆறு லோடுமேன்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

"அண்ணே, ஒரே ஒரு பாட்டுண்ணே."

"எவ்வளவு நேரம்மா ஆவும்?"

"நாலு நிமிஷம்."

"போன தடவையும் உங்க டிரம்ஸ் தம்பி நாலு நிமிஷம்னுதான் சொன்னிச்சு. நாங்க சாப்பிட்டுத் தூங்கி எந்திரிச்சி வந்தோம்" என்றார் அவர்களில் பெரியவர். ஆனால் சாக்குக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

யாசின் பாடினான். இரண்டாவது தடவை எடுக்கலாமா என்று பிரபு கேட்டான். மூன்றாவது வரியில் ஒரு சொல் சற்றுக் கரகரத்திருந்தது. நான் லோடுமேன்களின் முகத்தைப் பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை. "வேண்டாம், இதுதான்" என்றேன். பெரியவர் எழுந்து துண்டை உதறினார். "போன போகத்துல எனக்கும் இதான்யா சொன்னானுங்க. நல்லாக் கத்துன தம்பி" என்று யாசினிடம் சொல்லிவிட்டு முதல் கட்டைத் தூக்கினார். பன்னிரண்டு வருடத்தில் நான் எடுத்த சரியான முடிவு அது ஒன்றுதான். ஆகவே அதையும் பட்டியலில் சேர்க்கிறேன்: கேட்பவர் முகம் அசையாமல் இருந்தால் இரண்டாவது தடவை எடுக்காதீர்கள்.

யாசின் போய் ஐந்து மாதம் கழித்து, சென்னையில் சொந்தமாக ஸ்டுடியோவும் வெளியீட்டு நிறுவனமும் வைத்திருந்த ஒருவர் பிரபு அனுப்பிய பாட்டுகளைக் கேட்டுவிட்டுக் கூப்பிட்டார். நானும் பிரபுவும் போனோம். பதிவு முழுவதும் இருந்த டிஸ்கைக் கொடுத்தோம். அவர் ஒரு பாட்டை ஓடவிட்டு அதன் மேல் கீபோர்டில் கை வைத்தார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் சண்டை போடுவதுபோல் கேட்டது.

"சுருதி அவுட்டா இருக்கேம்மா" என்றார்.

பிறகு கிடார், பேஸ், டிரம்ஸ் எல்லாவற்றையும் அணைத்தார். யாசின் குரலை மட்டும் கீபோர்டோடு சேர்த்து ஓட்டினார். தனியாகக் கேட்கும்போது இன்னும் கொடூரமாக இருந்தது. "சிங்கர் ஃபுல்லா வெளிய நிக்கிறாரு. நீங்கதான் ரெக்கார்டிங்கா? கவனிக்கலையா?"

அறையில் நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். பிரபு உள்பட.

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "கிடாரை மட்டும் தனியாக ஓட்டுங்கள், அது எங்கே நிற்கிறது பார்ப்போம்." அளவு தப்பு என்று ஒருவர் சொன்னால் எதை வைத்து அளந்தீர்கள் என்று கேட்பது என் தொழில். டவரில் தினமும் அதைத்தான் செய்கிறேன். அங்கே கேட்கவில்லை. பெரிய ஸ்டுடியோ, கண்ணாடிச் சுவர், ஏசி. கும்பகோணத்திலிருந்து வந்தவள் தப்பாகப் பதிந்துவிட்டாள் என்பது அவர்களைவிட எனக்கு முதலில் நம்பும்படியாக இருந்தது. "சாரி சார்" என்றேன்.

"வாத்தியம் எல்லாம் இங்க திரும்ப வாசிச்சிரலாம். சிங்கர வரச்சொல்லுங்க."

"ஷார்ஜாவுல இருக்கான் சார். ரெண்டு வருஷத்துக்கு லீவு கிடையாது."

"அப்ப வேற ஆள் பாடட்டும். பாட்டு நல்ல பாட்டும்மா, வீணாக்காதீங்க. சரியா?"

நான் சரி என்றேன்.

யாசினிடம் நானே பேசுகிறேன் என்றும் சொன்னேன். பொறுப்பான பெண் அல்லவா. அன்று மதியமே ஸ்டுடியோ வாசலில் நின்று கூப்பிட்டேன். அவரிடம் பேசிவிட்டுப் பின்னால் வந்த பிரபு பக்கத்தில் நின்றான்.

"நான் சுருதி விட்டுட்டேனாக்கா?" என்று கேட்டான்.

"ஆமாடா. எட்டுலயும்."

பின்னால் அட்டைப்பெட்டிகளை இழுக்கும் ஓசை கேட்டது. "அங்க பாடுறப்ப நல்லாத்தானே இருந்துச்சு" என்றான். பிறகு, "உங்களுக்குத் தெரியாததாக்கா? அந்த ஆளையே பாட வச்சிருங்க. பாட்டு வெளிய வந்தா போதும்" என்றான். ஒப்பந்தத்தில் நான்கு பேர் கையெழுத்துப் போட வேண்டும். முதல் கையெழுத்து ஷார்ஜாவிலிருந்து வந்தது. அடுத்தது பிரபு. "அபி போட்டா நானும் போடுறேன்" என்றான் செந்தில்.

பத்து நாள் கழித்து குடோனில் மிச்சமிருந்த என் ஸ்பீக்கரை எடுக்கப் போனேன். சாக்குகள் போய் வெறும் சுவராக இருந்தது. சாக்கு இல்லாததால் டிரான்ஸ்ஃபார்மரின் முனகல் அறை முழுக்க நிறைந்து நின்றது. நான்கு வருடத்துக்குப் பிறகு அது என் காதில் விழுந்தது. ஸ்பீக்கரைச் சோதிக்க பேஸைச் செருகி ஒரு தந்தியைத் தட்டினேன். போன முறை குடோனில் கூட்டி வைத்த சுருதி அப்படியே இருந்தது. தந்தியும் முனகலும் ஒன்றாகக் கலந்து, எது எது என்று தெரியவில்லை.

போனில் அதிர்வெண் காட்டும் செயலியைத் திறந்தேன். நம் ஊர் மின்சாரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் எந்த அளவில் முனகும் என்பது முதல் வருடப் பாடம். அது கீபோர்டின் எந்தக் கட்டையிலும் சேராது. பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டுக்கும் இடையில், மூன்றில் ஒரு பங்கு மேலே நிற்கும். நாங்கள் நான்கு வருடமாகக் கிடாரை, பேஸை, யாசினின் தொண்டையை அந்த டிரான்ஸ்ஃபார்மருக்குக் கூட்டியிருந்தோம். எங்கள் எட்டுப் பாட்டும் அணுவளவும் பிசகாமல் அரிசி ஆலையின் சுருதியில் நின்றன. யாசின் ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை. தவறியது கீபோர்டோடு வைத்து அளந்த அளவுதான். கீபோர்டின் சுருதியைச் சற்றே ஏற்றினால் போதும். ஒரு பட்டன்.

அங்கே நின்றபடியே சென்னைக்குப் போன் போட்டேன். மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு சிரித்தார்.

"அம்மா, எல்லாம் ஒரே அளவுக்கு மேல இருக்குன்னு மொத நாளே எனக்குத் தெரியும். இதுகூடத் தெரியாமலா ஸ்டுடியோ வச்சிருக்கேன்? ஷார்ஜாவுல பெட்டி தூக்குற ஆள வச்சி நான் என்ன ப்ரமோஷன் பண்றது, சொல்லுங்க. மேடைக்கு வந்து நிக்க ஒரு மூஞ்சி வேணும்ல. அன்னைக்கே பிரபுகிட்ட சொல்லிட்டேனே, உங்ககிட்ட சொல்லலையா?"

பிரபு தஞ்சாவூரில் அவன் கடையில் இருந்தான். போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"தெரியுமா?"

"அபி, உக்காரு மொதல்ல."

"நான் யாசினுக்குப் போன் பண்றப்ப நீ பக்கத்துலதானே நின்ன? தெரிஞ்சே நின்னியா?"

"பன்னெண்டு வருஷம் அபி. இந்த ஊர்ல ராக்குன்னு சொன்னா எந்தக் கல்லுன்னு கேக்குறானுங்க. நமக்கு ஒரு கதவு தொறந்திருக்கு. யாசினே சரின்னுட்டான்ல?"

"அவன் சரின்னு சொன்னது நான் சொன்ன பொய்யக் கேட்டு."

"உனக்கு அது பொய்னு தெரியாதுல்ல. அப்பறம் என்ன?"

இந்த வாக்கியத்தை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். உங்கள் வாழ்க்கையில் ஒருவர் இதைச் சொல்வார். சொல்பவர் கெட்டவராக இருக்கமாட்டார். பிரபு என் ஒயரை எத்தனையோ மேடையில் தன் கையால் செருகியவன். பன்னிரண்டு வருடம் என்பதும் நியாயம்தான். ஆனால் உண்மையைத் தெரிந்தவன் வாயைத் திறக்காமல், தெரியாதவளை விட்டுப் பேசவைத்தான். என் வாயிலிருந்து வந்தால் யாசின் நம்புவான் என்று அவனுக்குத் தெரியும்.

புதன்கிழமை சென்னையில் நான் கையெழுத்துப் போட வேண்டும். காலை ரயிலில் நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதினேன். போட்டால் என்ன: ஆல்பம் வெளிவரும், மேடைகள் வரும், செந்தில் ஆலையை விட்டு வெளியே வருவான், என் காது முழுதாகப் போவதற்குள் நான்கு ஊர் பார்க்கலாம். பதினொரு வரி வந்தது. போடாவிட்டால் என்ன: ஒரு வரிதான் எழுத முடிந்தது. 'யாசின் சுருதியோடுதான் பாடினான்.' விழுப்புரம் தாண்டும்வரை அந்தப் பத்தியில் இரண்டாவது வரி சேர்க்கப் பார்த்தேன். வரவில்லை.

பிரபு எனக்கு முன்பே ஸ்டுடியோவுக்கு வந்திருந்தான். புதுப் பாடகரும் இருந்தார். மரியாதையான பையன். எழுந்து வணக்கம் சொன்னார். ஒத்திகையாக ஒரு பாட்டுப் பாடிக் காட்டினார். பிசிறே இல்லாத குரல். பாடி முடித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "மேடம், ஈரப்பதம்னா இங்க என்ன ஃபீல்? கண்ணீர் மாதிரி எடுத்துக்கவா?"

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. பேனாவை மேசையில் வைத்தேன்.

"டிஸ்கைக் குடுங்க சார்."

"யோசிச்சிப் பேசும்மா. டெல்டாவுலேருந்து ஒரு ராக் பேண்டு, அதுல பொண்ணு பேஸ் வாசிக்குது. எவ்வளவு நல்ல கதை இது! கெடுத்துக்காதீங்க."

"பாடுனவன் சரியாப் பாடிருக்கான். அத முதல் நாளே ஏன் சார் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க ஒத்துக்கிட்டிருப்பீங்களா?"

டிஸ்கை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். பிரபு என்னோடு படி இறங்கவில்லை. இப்போது அவன் அந்தப் பாடகரோடு வேறொரு பேண்டில் வாசிக்கிறான். நன்றாக வாசிக்கிறான். செந்திலுக்குப் போனில் சொன்னபோது, "சரி விடு, அந்த ஏசி ரூமுல டிரம்ஸ் அடிச்சா சளி புடிக்கும்" என்றான்.

நானும் செந்திலும் மூன்று மாதம் உட்கார்ந்து எட்டுப் பாட்டையும் நாங்களே கோர்த்தோம். சுருதியைத் தொடவில்லை. ஆலையின் முனகலையும் எடுக்கவில்லை. முதல் பாட்டு அதிலிருந்துதான் தொடங்குகிறது. நிறுவனம் இல்லை, விழா இல்லை. இணையத்தில் ஏற்றினோம். ஆல்பத்தின் பெயர் 'ஈரப்பதம்'. பாடியவர் என்ற இடத்தில் யாசின் பெயர் இருக்கிறது. கேட்டவர்கள் அதிகம் இல்லை. கேட்டவர்கள் அவன் குரலைப் பற்றித்தான் எழுதினார்கள்.

இதோடு முடிந்திருந்தால் நானும் கோபம் ஆறியிருப்பேன். பட்டியலில் கடைசி ஒன்று இருக்கிறது. உண்மை தெரிந்த அன்றே யாசினைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. ஆல்பத்தை முடித்து, கையில் வைத்துக்கொண்டு சொன்னால் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். என் மன்னிப்பை அழகாகக் கட்டிக் கொடுக்க ஆசைப்பட்டேன். தப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டீர்கள் என்றால் அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். வெறுங்கையோடு போங்கள். மூன்று மாதம் அவன் அந்தப் பொய்யோடு இருந்தான். அது எனக்கு உறைக்கவே இல்லை.

ஆல்பம் வெளிவந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் கூப்பிட்டேன். அவனுக்கு விடுமுறை நாள். எல்லாம் சொன்னேன். டிரான்ஸ்ஃபார்மர், கீபோர்டு, சென்னை, பிரபு. பாட்டைக் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிடச் சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டான்.

"கேட்டேன்க்கா. நல்லாருக்கு."

"நீ ஒரு இடத்துலகூட விடலடா. நான்தான் தப்பாச் சொன்னேன். மன்னிச்சிரு."

"அய்ய, விடுங்கக்கா. நீங்க வேணும்னேவா சொன்னீங்க?" என்றான். "இங்க ரூமுல எட்டுப் பேரு. வெள்ளிக்கெழமையானா பாடச் சொல்லுவாங்க. நீங்க போன் பண்ணுன நாளுலேருந்து பாடுறதில்ல. தொண்ட சரியில்லன்னு சொல்லிட்டேன். இப்ப கேக்குறதையும் நிறுத்திட்டாங்க."

"இப்ப பாடு. எனக்காக ஒரு வரி. எந்த சுருதியில வேணும்னாலும் எடு."

அவன் தொண்டையைச் செருமியது கேட்டது. ஒரு மூச்சு இழுத்ததும் கேட்டது. நான் போனை நல்ல காதுக்கு மாற்றிக்கொண்டு காத்திருந்தேன். 

"வாயத் தொறந்தா மொதல்ல நீங்க சொன்னதுதான்க்கா ஞாபகம் வருது" என்றான். "இன்னொரு நாள் பாடுறேன்."

இரண்டு வருடம் ஆகிறது. வெள்ளிக்கிழமைகளில் கூப்பிடுகிறேன். எடுக்கிறான், நன்றாகப் பேசுகிறான். இதுவரை பாடவில்லை.